கதவில்லாத வண்டி

மார்லிஸ் கட்டிக்கொண்ட ஆளுக்கு இரண்டு சக்கர வண்டி என்றாலே ஆகாது. மற்றபடி வெர்லின் தங்கமான மனிதன். டிராக்டர் பழுதுபார்ப்பவன். காலையில் அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பான். கோபம் வந்தால் ஷெட்டுக்குள் போய் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவளுடைய மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டால் மட்டும் வாய் சும்மா இருக்காது.

"கதவு இல்லாததெல்லாம் ஒரு வண்டியா?"

"கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணும்னா வீட்டு சோபாவே போதுமே. அதுக்கு எதுக்குப் பெட்ரோல்?"

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. ஷெட்டின் ஒரு பக்கம் அவனுடைய கரும்பச்சைக் கார். ஐம்பதுகளில் வந்தது, எட்டு சிலிண்டர். மறுபக்கம் அவளுடைய வண்டி. பக்கத்து ஊர்க் களஞ்சியம் ஒன்றில் கோழிகள் அதன் சீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது மார்லிஸ் வாங்கி வந்தது. பகலெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, குளிர்கால மாலைகளில் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, தேய்த்து, மறுபடி பூட்டினாள். முதல் உதையில் அது உயிர் பெற்ற அன்று ஷெட்டுக்குள்ளேயே ஆடினாள். வெர்லின் கைதட்டினான். ஆனால் ஏறி உட்காரச் சொன்னபோது முழங்கால் வலிக்கிறது என்றான்.

கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிற்றூரில் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான். டுவைலாவின் கடை. ஒரு சனிக்கிழமை காலை அங்கே பான்கேக் தின்றுகொண்டே இருவரும் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். காபிக் கெட்டிலோடு நின்ற டுவைலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும்ப்பா! உங்க சண்டையக் கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப்போச்சு. வர்ற வாரம் விமானத் திடல்ல ரேஸ் நடக்குதில்ல? ரெண்டு பேரும் ஓட்டிக் காட்டுங்க. கொடி நான்தான் ஆட்டுவேன்."

கடையே திரும்பிப் பார்த்தது. மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் தயார். இவர் தோத்தா என் பின்னாடி உக்காந்து மெயின் ரோடு முழுக்க வரணும்."

"நீ தோத்தா?" என்றான் வெர்லின்.

"உன் கார்ல உக்காந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் கை ஆட்றேன்."

"ராணி மாதிரி ஆட்டணும்."

"ஆட்றேன்டா கெழவா, ஜெயிச்சுக் காட்டு முதல்ல!"

விமானம் இறங்கியே பல வருடமாகிவிட்ட அந்தத் திடலில், ஆகஸ்டு வெயிலில், சனம் திரண்டுவிட்டது. நூறு வருடத்து வண்டியும் போன மாதத்து வண்டியும் வரிசைகட்டி நின்றன. ஹாட் டாக் வாசனையும் எரிந்த டயர் வாசனையும் ஒன்றாக வந்தன. வெர்லினின் காரைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். கேட்டவருக்கெல்லாம் அவன் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டினான். மூடுவான், அடுத்தவர் வருவார், மறுபடி திறப்பான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

டுவைலா கொடியை இறக்கினாள். மார்லிஸ் பாய்ந்தாள். காரின் மூக்கு பின்னால் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிறகு அந்த எட்டு சிலிண்டர் உறுமல் நெருங்க ஆரம்பித்தது. நெருங்கி, நெருங்கி, சட்டென்று காணாமல் போனது. முடிவுக் கோட்டைத் தாண்டியபின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். காரின் பானெட் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தாள். வெர்லின் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பானெட் கொக்கிய மாட்ட மறந்துட்டேன், கண்ணு. பெருமை கண்ண மறைக்கும்பாங்க, எனக்கு முன் கண்ணாடியையே முழுசா மறைச்சிடுச்சு!"

"உசிரே போயிடுச்சு எனக்கு. அடி எதுவும் படலியே?"

"மானத்துக்கு மட்டும்தான்."

ஒலிபெருக்கியில் டுவைலா மார்லிஸின் பெயரைச் சொல்ல, கூட்டம் ஆரவாரித்தது. மார்லிஸ் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள். "இது செல்லாது! மறுபடி ஓட்டணும்! இல்லேன்னா குளிர்காலம் பூரா இந்த ஆளு பானெட் கதையச் சொல்லியே என்னைக் கொன்னுடுவார்."

மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை வெர்லின் கொக்கியை மாட்டி, அதன்மேல் தன் பெல்ட்டையும் கட்டியிருந்தான். பாதி தூரம்வரை அவள்தான் முன்னால். அதன்பிறகு கார் அவள் தோளுக்கு நேராக வந்தது. அத்தனை வருடங்களில் அந்த எஞ்சின் முழு மூச்சோடு ஓடும்போது அவள் பக்கத்தில் இருந்ததேயில்லை. அடித்தொண்டையில் தொடங்கிய உறுமல் ஏறி ஏறி, ஒரு இடத்தில் பாட்டாகவே மாறியது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோற்கிறோம் என்று தெரிந்தும் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். காரின் மூக்கு மட்டும் முந்திப் போய்க் கோட்டைத் தொட்டது.

இறங்கி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "வெர்லின்! கடைசில அது பாடுச்சே! இப்படிப் பாடும்னு எங்கிட்ட ஏன் சொல்லவேயில்ல?"

"கட்டினதுலேருந்து அதைத்தானடி சொல்லிட்டிருக்கேன்!"

சொன்னபடி அன்று மாலை காரில் உட்கார்ந்து மெயின் ரோடு நெடுகக் கை ஆட்டினாள். தபால் பெட்டிக்குக்கூட ஆட்டினாள். கார் ஷெட்டுக்குத் திரும்பியதும் வெர்லின் தொண்டையைச் செருமினான்.

"முதல் ஓட்டம் உன்னோடதுதான். வாக்குன்னா வாக்கு. ஹெல்மெட் எங்க?"

மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டு ஏறினான். அவள் இடுப்பை அவன் பிடித்த பிடியில் மூச்சே முட்டியது. கடையைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடியிருந்தான் என்று டுவைலா பின்னால் ஊருக்கெல்லாம் சொன்னாள். ஆனால் ஊர் எல்லைக்கு அப்பால், இரண்டு பக்கமும் வயல் விரிந்த இடத்தில், அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. உழுத மண் வாசனை முகத்தில் அடித்தது. சரக்கு ரயில் ஒன்று எதிர்த் திசையில் நீளமாகப் போக, முதுகுக்குப் பின்னால் ஒரு கூச்சல் கேட்டது. வெர்லின் ஒரு கையை எடுத்து ரயிலுக்கு ஆட்டிக்கொண்டிருந்தான்.

ரயில் கடந்து போனதும் மார்லிஸ் வேகத்தைக் குறைத்து வண்டியைத் திருப்பப் போனாள். அவன் அவள் தோளைத் தட்டினான்.

"ஏன் திரும்புற? ரோடு நேராத்தானே போகுது?"

மார்லிஸ் கியரை மாற்றினாள்.