உள்ளே இருக்கும் பிள்ளை

அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு கேமராக்கள். அத்தனையையும் பார்க்க இருந்தவை இரண்டே கண்கள். அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரியைப் பிள்ளைகள் கேமரா அக்கா என்று கூப்பிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை, எட்டுத் திரைகள், கடகடவென்று புலம்பும் ஒரு மின்விசிறி. சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் வந்து உட்காரட்டும், தெரியும் சேதி.

உண்மையில் அவள் உயிரை எடுத்தது கேமரா இல்லை, கார்டு. வாசல் இயந்திரத்தில் பிள்ளைகள் கழுத்துக் கார்டைத் தட்டினால் பெற்றோரின் போனுக்கு ஒரு செய்தி போகும்: 'உங்கள் பிள்ளை பத்திரமாகப் பள்ளிக்குள் வந்துவிட்டார்.' எட்டு நாற்பதுக்குள் அது போகவில்லை என்றால் இவள் மேசைத் தொலைபேசி கத்த ஆரம்பித்துவிடும். முந்தின நாளே கார்டை வகுப்பில் மறந்துவிட்டுப் போகிற புண்ணியவான்கள் தினமும் ஏழெட்டுப் பேர். மறப்பது பிள்ளை, பதறுவது பெற்றோர், திட்டு வாங்குவது இவள்.

அதனால் அவளே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் வகுப்புகளில் கிடக்கும் கார்டுகளைப் பொறுக்கி இழுப்பறையில் வைத்துக்கொள்வாள். காலையில் எட்டு முப்பத்தைந்துக்குத் தன் அறையில் இருக்கும் இன்னொரு கார்டு இயந்திரத்தில் அவளே வரிசையாகத் தட்டிவிடுவாள். மணியடிக்கும்வரை வாசல் திறந்தே இருக்கும்; கார்டு இல்லாத பிள்ளைகள் கூட்டத்தோடு உள்ளே வந்து அவளிடம் வாங்கிக்கொண்டு போவார்கள். எப்படியும் வரப்போகிற பிள்ளைகள்தானே. எட்டு மாதமாக ஒரு வம்பும் வரவில்லை.

அன்று பத்து மணிக்கு ஏழாம் வகுப்பில் தேர்வுத் தாள் ஒன்று மிஞ்சியது. கார்டு வந்த பிறகு ஆசிரியர்கள் பெயர் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். தாள் மட்டும் மிஞ்சியிருக்காவிட்டால் சாயங்காலம் வரை யாருக்கும் தெரிந்திருக்காது. காலியாக இருந்தது மறதி ராணியின் இடம். அது வகுப்பு வைத்த பட்டம். அம்மா இல்லாத பெண். அப்பா ஏதோ பட்டறையில் வேலை பார்க்கிறார்.

தலைமை ஆசிரியை கேமரா அறைக்கே வந்துவிட்டார்.

"எட்டு முப்பத்தஞ்சுக்கு உள்ள வந்திருக்கா. வெளிய ஒரு ஈ காக்கா போகலன்னு காவலாளி சொல்றார். அப்போ இங்கதான் எங்கயோ இருக்கா. தேடுங்க."

எட்டு முப்பத்தைந்து. கேமரா அக்கா கார்டுகளைத் தட்டிய அதே நேரம். தலைமை ஆசிரியை போனதும் இழுப்பறையைத் திறந்தாள். காலையில் ஏழு கார்டு தட்டினாள்; ஆறைப் பிள்ளைகள் வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் கிடந்தது ஒன்று. அதிலிருந்து மறதி ராணி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

இழுப்பறையை மூடினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் வேலை போகும். அது போனால் வேறு வேலை யார் தருவார்கள்? ஒருவேளை காய்ச்சலாக வீட்டில் படுத்திருப்பாளோ. அப்படி இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே. இந்த நேரத்திலும் தன்னைப் பற்றித்தான் யோசிக்கிறோம் என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வராந்தாவுக்குப் போய், "மேடம், வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமா? மெஷின்கூட சில சமயம் தப்பாக் காட்டுமில்ல?" என்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, தலைமை ஆசிரியை அதைக் கவனிக்கவில்லை.

"உள்ள வந்த பிள்ளைய நாமதான தொலைச்சிருக்கோம். வீட்டுல போய் என்னன்னு கேக்கறது? நீங்க போய்த் திரையப் பாருங்க."

பார்த்தாள். ஒரு திரையில் ஆசிரியைகள் கழிப்பறைக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனார்கள். இன்னொன்றில் நூலகர் மேசைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து எழுந்தார். ஊரே கூடி இல்லாத இடத்தில் தேடியது. இருக்கிற இடம் எதுவென்று இவளுக்கும் தெரியாது, ஆனால் இங்கே இல்லை என்பது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பதினோராம் கேமராவில் விளையாட்டு ஆசிரியர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளினார். பிறகு ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஓடினாள்.

"மேடம், அவ உள்ள வரவே இல்ல. கார்டைத் தட்டினது நான். மறந்துட்டுப் போற கார்டையெல்லாம் தினமும் நான்தான் தட்டுவேன்."

தலைமை ஆசிரியை அவளையே பார்த்தார். "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க வந்து சொன்னப்பவே. இருபது நிமிஷமா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற காவலாளியின் முகம்தான் வெளுத்துப் போனது.

"வாசலைப் பூட்டினப்புறம், ஒம்பது மணிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு மேடம். கார்டு இல்லன்னுச்சு. நம்பரை அடிச்சுப் பாத்தேன், ஏற்கெனவே உள்ள இருக்குன்னு வந்துச்சு. உள்ள இருக்கிற பிள்ளைய மறுபடி எப்படிம்மா உள்ள விடறது, விளையாடாத, போய் கார்டை எடுத்துட்டு வான்னு அனுப்பிட்டேன்."

கேமரா அக்கா அந்த வாசல் வழியே வெளியே ஓடினாள். வலது பக்கம் போனதாகக் காவலாளி சொன்னார். பெரிய சாலை, இரண்டு பக்கமும் லாரிகள். செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். யாராவது கூட்டிக்கொண்டு போயிருந்தால்? சாலையைக் கடக்கும்போது ஏதாவது ஆகியிருந்தால்? பாழாய்ப் போன மனசு நல்லதை நினைக்கவே மாட்டேன் என்றது.

மூன்றாவது திருப்பத்தில், நிறுத்தியிருந்த ஒரு லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சீருடை தெரிந்தது. மறதி ராணி முட்டி போட்டு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது.

"இங்க என்னடா கண்ணு பண்றே?"

"வழியில விழுந்துடுச்சோன்னு கார்டைத் தேடறேன் அக்கா. வீடு வரைக்கும் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேன்."

கேமரா அக்கா கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "யார்கிட்டயாவது போன் வாங்கி அப்பாகிட்டப் பேசியிருக்கக் கூடாதா?"

"பேசினேனே. வெளிய நிக்கறேன்னு சொன்னேன். நீ உள்ள போயிட்டேன்னு எனக்குச் செய்தி வந்தாச்சு, எங்கிட்டயே பொய் சொல்றியான்னு திட்டிட்டு வச்சிட்டாரு."

கேமரா அக்கா தன் போனை எடுத்து, அந்தப் பெண் சொல்லச் சொல்ல எண்ணைத் தட்டினாள். மணி அடித்தது. போனை அவளிடம் நீட்டினாள். பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க அக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாரு."