பாதி ஃபீஸ்

நந்தி கல்யாணத் திருவிழாவுக்காகத் திருமழபாடியே வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்க, வைரக்கண்ணு மட்டும் களைக்கொட்டும் கையுமாகச் சுவர் சுவராகச் சுரண்டிக்கொண்டிருந்தார். அத்தனையும் அவரே காசு கொடுத்து ஒட்டச் சொன்ன போஸ்டர். மைதாப் பசை லேசில் விடுமா? மகளின் முகம் பாதி கிழிந்து கையோடு வந்தது, மீதி சுவரிலேயே நின்றது. பெற்ற பிள்ளையின் முகத்தைச் சுரண்ட எந்தத் தகப்பனுக்குக் கை வரும்? ஆனாலும் சுரண்டினார்.

முந்தின நாள் சாயங்காலம் அரியலூரிலிருந்து வந்து இறங்கிய தென்றல், பஸ் நிறுத்தத்துச் சுவரைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கறுப்புக் கோட்டில் அவள் போட்டோ. அதற்குக் கீழே, 'எங்கள் குலவிளக்கு, வழக்கறிஞர் தென்றல் பி.ஏ., பி.எல்., அரியலூரில் தனி ஆபீஸ் திறந்துள்ளார். ஜாமீன், ஜீவனாம்சம், பாகப்பிரிவினை எதுவானாலும் பாதி ஃபீஸில் முடித்துத் தரப்படும்.' கடைசியில் தகப்பன் பெயர், கொட்டை எழுத்தில். காது குத்துக்கே போஸ்டர் ஒட்டுகிற ஊர். மகள் வக்கீலானதற்கு மனுசன் சும்மா இருப்பாரா?

"வக்கீலு விளம்பரம் பண்ணக் கூடாதுப்பா. பார் கவுன்சிலுக்கு யாராவது எழுதிப் போட்டா சன்னதைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் கோட்டைப் போட்டுக்கிட்டு எந்தக் கோர்ட்டுலயும் நிக்க முடியாது."

"நான்தானே போட்டேன். நீயா போட்ட?"

"யாரு நம்புவா?"

எழுதிப் போடக்கூடிய ஆள் யாரென்று வைரக்கண்ணுவுக்கே தெரியும். சீனியர் வக்கீல் சிவசுப்பிரமணியன். போன மாதம்வரை தென்றல் அவரிடம்தான் ஜூனியர். அரியலூர்ப் பக்கம் அண்ணன் தம்பி வரப்புச் சண்டை போட்டால் கேஸ் அவர் ஆபீஸில்தான் போய் விழும். அவர் சொல்லும் ஃபீஸுக்குக் கீழே வாங்க மற்ற வக்கீல்களுக்குத் துணிச்சல் கிடையாது. அப்படிப்பட்டவர் வருஷா வருஷம் நந்தி கல்யாணத்துக்கு வருகிறவர். இன்றைக்குச் சாயங்காலமும் வருவார்.

அதனால்தான் விடிந்ததிலிருந்து இந்தக் கூத்து. தென்றல் வாளித் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அவர் சுரண்டினார். கோயில் மண்டபத்துப் பக்கம் வந்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேல பாரு. டியூப் லைட்டுல என்ன எழுதியிருக்கு? உபயம், சிவசுப்பிரமணியன், வழக்கறிஞர், போன் நம்பரு. அது மட்டும் என்னவாம்?"

"அது தர்மம்னு சொல்லுவாங்க. நீங்க சுரண்டுங்க."

வெயில் சாய்வதற்குள் ஊரில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. அப்பாடா என்று வைரக்கண்ணு முகம் கழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். கோயில் வாசலில் சீனியரின் கார் வந்து நின்றது. இவர் ஓடிப்போய்க் கும்பிட்டார்.

சிவசுப்பிரமணியன் முன் சீட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நிதானமாகப் பிரித்தார். பசை காய்ந்த போஸ்டர்.

"டவுன் பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டியிருந்துச்சு, வைரக்கண்ணு. நேத்து கோர்ட்டு வாசல்லயே வந்து நின்னுச்சு. நம்ம ஆளுங்க எல்லாரும் படிச்சாங்க."

பஸ்ஸிலும் ஒட்டுவார்கள் என்று யார் கண்டது?

"ஐயா, எம் பொண்ணு ஒண்ணும் அறியாதுங்க. நான்தான் ஆசப்பட்டு..."

"இருக்கலாம். ஆனா பாதி ஃபீஸ்னு போட்டா இந்தத் தொழிலுக்கு என்ன மரியாத? நான் இன்னும் கம்ப்ளெயிண்ட் எழுதல. சின்னப் பொண்ணு, தனியா ஆபீஸ் போட்டு என்னத்துக்குச் சீரழியணும்? திங்கக்கிழமையிலேருந்து பழையபடி நம்ம ஆபீசுக்கு வரட்டும். இதக் கிழிச்சுப் போட்டுடறேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? சன்னது தப்பித்தால் போதும். வைரக்கண்ணு இரண்டு கையையும் கூப்பினார். "வந்துடுவாங்கையா. நான் அனுப்பி வைக்கிறேன். சத்தியமா வந்துடுவா."

திரும்பினால், தென்றல் பின்னாலேயே நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம்.

"போஸ்டர் போடறப்பவும் என்னைக் கேக்கல. இப்பவும் கேக்கலியேப்பா," என்றாள். அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் அழவில்லை.

சீனியர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க கம்ப்ளெயிண்ட் எழுதுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

"நல்லா யோசிச்சுக்கம்மா."

"யோசிச்சுட்டேன் சார்."

அவர் போஸ்டரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. வைரக்கண்ணு காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாப்பா இப்புடிப் பண்ணிட்ட? சன்னது போயிட்டா?"

"போனாலும் போவும். விசாரணைன்னு மெட்ராசுக்குக் கூப்புடுவாங்க. நீங்களும் வரணும். சாட்சி நீங்கதான்."

"நான் அங்க வந்து என்னத்தச் சொல்றது?"

"எம் பொண்ண ஒரு வார்த்த கேக்காமதான் எல்லாம் பண்ணேன்னு சொல்லுங்க," என்றாள் தென்றல். "அது ஒண்ணுதான்ப்பா என்னைக் காப்பாத்தும்."

வைரக்கண்ணு தலையை ஆட்டினார். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.