பதினெட்டு நாள் காவல்

மலாயாவில் குருண் ஊர்க் கடைகளுக்கு ஜாகா என்ற இரவுக் காவல் வேலைக்கு ஆள் அனுப்பி, மாதக் கடைசியில் பில் எழுதிக் கொடுப்பது சீனிவாசகத்தின் பிழைப்பு. ஜப்பான்காரன் வந்த பிறகு அதுவும் நலிந்துபோயிற்று. அந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, பசுபதியின் அரிசிக்கடையைக் காவல் காத்த பழனியாண்டியைச் ஜப்பான் சிப்பாய்கள் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாற்று ஆள் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் சீனிவாசகம் பன்னிரண்டு நாளுக்கு மட்டும் பில் எழுதிப் பசுபதியிடம் எடுத்துப் போனார்.

பசுபதி படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன அண்ணே, மாசம் பூரா ஆள் நின்னுச்சே? பழனியாண்டி பெஞ்சாதி ராக்காயிதான் தடியோட வந்துச்சு. நீங்க அனுப்பினதுன்னுல்ல நெனச்சேன்!"

சீனிவாசகம் நேரே ராக்காயியின் வீட்டுக்கு நடந்தார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேற ஆளப் போட்ருவீங்க. அவரு திரும்பி வந்தா வேல இருக்கணும்ல, ஐயா."

சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒருவரையும் சீனிவாசகம் இதுவரை பார்த்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து, முப்பது நாளுக்கும் புதிய பில் எழுதினார். அதில் தன் தரகுப் பங்கைப் பிடிக்கவில்லை. ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லாத நேரம் என்பதால், சம்பளத்தை அரிசியாகக் கொடுக்கும்படி அடியில் ஒரு வரி சேர்த்தார்.

பசுபதி அரிசியை அளந்து ராக்காயியிடம் கொடுத்தார். அந்தக் கடைக்குச் சீனிவாசகம் அப்புறம் வேறு ஆள் தேடவில்லை.