வேடியப்பன் ஏறினானா

மலை பாதி சரிந்த நிலையில் நின்றிருந்தது. சனிக்கிழமை அப்பாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியதும் அக்ஷயா ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமை காலை அவர் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வேடியப்பன் ஏறினானா?"

தலைமாட்டில் உட்கார்ந்து சமணர்களின் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா ஜ்வாலாமாலினி நடுவில் நிறுத்திக்கொண்டாள். அந்த வேடியப்பனுக்கு ஊரும் கிடையாது, உயிரும் கிடையாது. அக்ஷயா கற்பனையில் உண்டாக்கிய ஆட்டிடையன் அவன்.

மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். செங்கம் ரோட்டில் சக்திவேலின் காபிக் கடையில் ஞாயிறுதோறும் அக்ஷயா அதை நடத்திவந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவை அனுப்பிவைத்த பிறகு, ஆட்டம் வேங்கிக்கால் வீட்டில் அவர் கட்டிலுக்கே வந்துவிட்டது.

அவர் பெயர் ஜீவகுமார். தேரடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். ஆட்டத்தில் அவர் மூன்று கழுதைகளோடு திரியும் உப்பு வியாபாரி. மந்திரவாதி ஆகலாம், வீரன் ஆகலாம் என்று மகள் எவ்வளவோ ஆசை காட்டினாள். அதில் என்ன லாபம் நிற்கும் என்று கேட்டார். ஆனால் பேரத்துக்கு இடமிருக்கிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து வயிற்று வலி மருந்தை மறந்தாலும் ஆட்டத்தை மறக்கவில்லை. ஓடையைத் தாண்டப் பகடையில் பதினைந்து விழ வேண்டும் என்பாள் மகள். கயிறு புதுசு, பதிமூன்று என்பார். மழையில் வழுக்குமே என்பாள். கழுதையையும் சேர்த்துக் கட்டுகிறேன், பன்னிரண்டில் முடித்துக்கொள் என்பார். சக்திவேல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பான். அவன் கடைக்கு வந்து ஒரு டீக்குப் பேரம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

முதல் நாள் ஆட்டத்தில் பூதங்கள் வந்தன. அப்பா உற்சாகமாக "வெட்டு" என்றதும் சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றாள். மாவில் கோழி செய்து வெட்டினாலும் பாவம் பாவம்தான், நினைப்பில் வெட்டினாலும் வெட்டியதுதான் என்றாள். அவளிடம் பேரம் செல்லாது. அன்றோடு கத்தி ஒழிந்தது. பிறகு வந்ததெல்லாம் காட்டுத்தீ, ஏரி உடைப்பு, பூகம்பம். பூதத்தை வெட்டலாம், வெள்ளத்தை யார் வெட்டுவது? தப்பிக்கலாம், முடிந்தால் நாலு பேரைத் தப்பிக்க வைக்கலாம்.

அப்படிப்பட்ட காட்சியை நடத்துவது லேசில்லை என்று அக்ஷயா போகப்போகத் தெரிந்துகொண்டாள். மலைக்கு யார்மேலும் கோபம் இருக்கக் கூடாது. யாரையும் பார்த்து ஒதுங்கிப் போகவும் கூடாது. முதலில் அறிகுறி காட்ட வேண்டும்: ஓடைத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வரும், பிறகு சட்டென்று நின்றே போகும். மரங்கள் ஒரே பக்கமாகச் சாயும். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரே ஒரு காரியம்தான். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று கீழே கிடக்கும். ஒரு கார்த்திகை மழையில் மலை இறங்கி வந்ததைக் கண்ட ஊர் இது. அதனால் யாரும் விளையாட்டாக ஆடவில்லை. சனிக்கிழமை ஊர் ஜனம் முழுக்க மேட்டுக்கு ஏறியாகிவிட்டது. ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று நின்ற வேடியப்பன் மட்டும் கீழே. உப்பு வியாபாரி கயிற்றை வீசிவிட்டார். இழுக்கப் பன்னிரண்டு விழ வேண்டும் என்று பேசி முடித்தாயிற்று. உருட்டவில்லை.

அம்மா எழுந்து அக்ஷயாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாண்டாது என்று சொல்லிப் போயிருந்தாள். அப்பா சோற்றை விட்டு, கஞ்சியை விட்டு, கடைசி நோன்பு என்று முறைப்படி சொல்லிவிட்டுத் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். கடை, வீடு, சொந்தம் எல்லாவற்றையும் மனசால் இறக்கிவைத்தாயிற்று என்று அம்மா நம்பியிருந்தாள். கடைசியில் இல்லாத ஊரின் இல்லாத இடையன் ஒருவன் அவர் மனசைக் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கடைசி நெனப்பு எதுல நிக்குதோ அதுலதான் உசுரு போயி ஒட்டும்," என்றாள் அம்மா. "அவன் ஏறிட்டான்னு சொல்லி முடிச்சுடுடி."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

அம்மா குழாயைத் திறந்து, கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். செய்வது, செய்யச் சொல்வது, செய்ததற்குத் தலையாட்டுவது மூன்றும் ஒரே பாவம் என்று அக்ஷயாவுக்குச் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அவளைக் கடையில் உட்கார வைத்தார்கள். குக்கர் எடுக்க வந்த பெண்ணிடம், இது அடி தாங்காதும்மா, வேற கடை பாரு என்று சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளைக் கல்லாப் பக்கமே அப்பா விடவில்லை.

அக்ஷயா கட்டிலில் போய் உட்கார்ந்து, அவர் காதோரம் குனிந்தாள்.

"ஏறிட்டான்பா. நல்லா இருக்கான்."

"எவ்ளோ விழுந்துது?"

"பதினெட்டு."

அவர் மூச்சு உள்ளே போய், எங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"நான் உருட்டலயே," என்றார். "தராசையே தூக்கல. எட சொல்ற."

அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அவள் பகடையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. பகடை போர்வை மேல் விழுந்து, அவர் முட்டிக்குப் பக்கத்தில் இருந்த மடிப்பில் நின்றது.

அப்பா கண்ணைத் திறந்தார். மஞ்சள் பூத்த அந்தக் கண்களுக்கு இரண்டு நாளாக ஆள் அடையாளமே சரியாகத் தெரியவில்லை. அக்ஷயா வாயெடுப்பதற்குள் தலையை லேசாக அசைத்தார்.

"நீ சொல்லாத. உங்கம்மா சொல்லட்டும்."

அம்மா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அக்ஷயா இருந்த இடத்திலிருந்தே எண் தெரிந்தது. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். சற்றுமுன் சமையலறைக் குழாயடியில் நின்ற முகம் இது இல்லை.

"நாலுங்க," என்றாள் அம்மா.

அக்ஷயாவுக்கு அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலுக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் பேசினாள்.

"அப்பா, கழுதைங்க இருக்குதுப்பா. உப்பு மூட்டைய அவுத்துத் தள்ளிட்டா அதுங்களும் இழுக்கும். பத்து போதும். இல்ல, எட்டு வெச்சுக்கலாம். இன்னொரு வாட்டி உருட்டு."

"பேசினது எவ்ளோ?"

"பன்னெண்டு."

"அப்ப பன்னெண்டுதான்."

"நான்தானேப்பா கம்மி பண்றேன்."

"வேணாம்," என்றார். "சரியாத்தான் இருக்குது."

விலை சொன்னவள் இறங்கி வந்தும், வாங்குகிறவர் இறங்கவில்லை. ஒரு விலையைக் கேட்டு அவர் அப்படியே ஒத்துக்கொண்டதை அக்ஷயா அதற்கு முன் பார்த்ததில்லை.

கொஞ்சம் கழித்து அவர் கேட்டார். "ஆடுங்க?"

ஆடுகளுக்கு யாரும் பகடை உருட்டவில்லை. உருட்டாததெல்லாம் கதை நடத்துகிறவள் கையில்.

"எல்லாம் ஏறிடுச்சுப்பா. அவன் அத பாத்துட்டான்."

"பாத்துட்டானா?"

"பாத்துட்டான்."

"சரி," என்றார். பிறகு தலையை அம்மா இருந்த பக்கம் திருப்பினார். அம்மா மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாம் முறை முடித்தபோது அறையில் அவள் குரல் மட்டும்தான் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னொரு முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அவர் கண்களை மூடினாள்.

உச்சி வேளைக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. சக்திவேல் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து, ஐஸ் பெட்டிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டான். நம்மவர்களில் வைத்திருப்பதில்லை, போன உடம்பில் வேறு உயிர் பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் மாமா. அவன் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றான். அங்கே உட்கார்ந்துதான் சனிக்கிழமைவரை அவரோடு ஆடியிருந்தான். பிறகு பூ வாங்கிவரப் போனான். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று அக்ஷயாவிடம் மட்டும், ஏதோ தப்பு செய்தவனைப்போல, சொன்னான்.

கடைசியாக என்ன சொன்னார் என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். "சரின்னாரு," என்றாள் அம்மா. எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. கொடுத்துவைத்த சாவு என்றார்கள். பெரியம்மா மட்டும் விடவில்லை.

"மந்திரத்துக்கா சரின்னாரு?"

"இல்லக்கா. வேற ஒண்ணுக்கு."

எதற்கு என்று பெரியம்மா கேட்டாள். அம்மா சும்மா இருந்தாள். சும்மா இருப்பது பொய்யில் சேராது.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். பெரியப்பா மகன் அஜிதன் கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறும் மிளகு ரசமும் வந்தன. இருட்டிவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாயில் எதையும் போடமாட்டார்கள் என்பதால் ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். அம்மாவும் அக்ஷயாவும் பின்கட்டில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே கை வைக்கவில்லை. காலையிலிருந்து இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"மிச்ச ஜனமெல்லாம் எங்க இருக்குது?" என்றாள் அம்மா.

வந்திருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்கிறாள் என்று நினைத்து அக்ஷயா கூடத்தைப் பார்த்தாள். அம்மா கூடத்தைப் பார்க்கவில்லை.

"மேட்டுல ஒரு மண்டபம் இருக்குதும்மா. அதுல."

"மழ?"

"விட்டுடுச்சு."

"கொழந்தைங்க இருக்குமே. அடுப்பு பத்த வெச்சாங்களா?"

"இப்பதான். வெறகு ஈரம். பொகையுது."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். மலையின் பக்கவாட்டில் வெளிச்சம் ஒரு கீற்றாக நின்றது.

"சீக்கிரம் ஆக்கச் சொல்லு. பொழுது போவுது."

"சொல்றேம்மா."

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள்.