வராமல் போன பச்சை

மகேஸ்வரி முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கடைசியில் அந்தக் கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து, அந்தப் பொறியியல் கல்லூரி நூலகத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள். இணையத்தில் வாங்கும் இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்விதழ்களும் அவள் வைத்திருந்த எக்செல் தாளில்தான் இருந்தன. நிரந்தரமாக வாங்கிய இதழென்றால் வரிக்குப் பச்சை. சந்தா இருக்கும்வரைதான் படிக்கலாம் என்றால் மஞ்சள். முன்பு புத்தக முதுகில் ஒட்டிய பொட்டுகளின் அதே நிறங்கள். அதனால் எது என்னவென்று அவள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அது போதாதா?

அந்தப் பச்சையை நம்பித்தான் போன வருஷம் முதல்வர் கிருஷ்ணராஜ், பைண்டு செய்த பழைய இதழ்களையெல்லாம் எடைக்குப் போட்டார். "ஆன்லைன்ல நம்மகிட்ட எப்பவும் இருக்குமாம்மா?" என்று அவர் கேட்டபோது, "பச்சையெல்லாம் நம்மளுதுங்க சார், யாரும் புடுங்க முடியாது" என்று சொன்னவளும் இவள்தான். அந்த அறை இப்போது கருத்தரங்கக் கூடம்.

பிறகு இந்த இதழ்க் கணக்கைப் பார்த்துக்கொள்ள மென்பொருள் வாங்க ஒரு குழு போட்டார்கள். மூன்று கம்பெனிகள் வந்து காட்டின. ஒன்றில் ஒவ்வொரு இதழோடும் அதன் ஒப்பந்தத்தையே சேர்த்து வைக்கலாம். மகேஸ்வரி அதைத்தான் கேட்டாள். குழுவிலிருந்தவர்களோ ஓர் ஆய்விதழைத் திறந்தே பல வருஷம் ஆனவர்கள். மூன்றாவதில் வட்டவட்டமாக வரைபடங்கள் சுழன்றன, எல்லாரும் அதில் மயங்கினார்கள். "இன்ஸ்பெக்ஷன் வந்தா காட்ட நல்லா இருக்கும்" என்றார் கிருஷ்ணராஜ். அவ்வளவுதான், முடிந்தது.

கம்பெனி ஆள் பிரசாந்த் அவளது தாளை ஏற்றிவிட்டு, "ஆயித்து, முடிஞ்சுது மேடம், இருநூத்திப் பன்னெண்டும் வந்தாச்சு" என்றான். அவளும் எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். பழைய கணினியில் அந்தத் தாள் உட்பட இருந்ததையெல்லாம் அழித்து ஆபீசுக்குக் கொடுத்துவிட்டார்கள். மென்பொருள் எழுத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று அவளும் யாரிடமும் சொல்லவில்லை. 'நிரந்தர உரிமை' என்ற கட்டம் காலியாகக் கிடக்க, அந்த மகா புத்திசாலி மென்பொருள் அத்தனைக்கும் தானாகவே 'இல்லை' என்று நிரப்பிக்கொண்டது.

ஜனவரியில் ஒரு பதிப்பகத்தின் சில சந்தாக்களை நிறுத்தினார்கள். மென்பொருளே பதிப்பகத்துக்குக் கடிதம் அனுப்பியது. மறுநாள் பழைய இதழ்களும் சேர்ந்து பூட்டிக்கொண்டன.

மகேஸ்வரி பதறிப்போய் எழுதினாள். பதிப்பகம் இரண்டு முறை கை மாறிவிட்டதாம், பழைய விற்பனைப் பதிவு அவர்களிடம் இல்லையாம். 'நிரந்தர உரிமை எதுவும் இல்லை என்று உங்கள் நூலகமே தெரிவித்திருக்கிறது' என்று பதில் வந்தது. கூடவே அந்தக் கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். அடியில் அவள் பெயர். ஒப்பந்தங்கள் இருந்ததோ ஓய்வுபெற்ற நூலகரின் மின்னஞ்சலில். அதை அவர் போனதுமே மூடிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அனுப்ரியா வந்து நின்றாள். நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஆய்வு மாணவி.

"அக்கா, அந்தத் தொண்ணூத்தெட்டாம் வருஷத்து இதழ் திறக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை திருத்தம் குடுக்கணும். அதுல இருக்கற அட்டவணை இல்லாம கைடு கையெழுத்துப் போட மாட்டாரு."

புத்தகமாகவும் இல்லை, திரையிலும் இல்லை. இந்தப் பெண்ணிடம் என்னவென்று சொல்வது? மகேஸ்வரி அலமாரியைக் குடைந்து, அந்த எக்செல் தாளிலிருந்து எப்போதோ எடுத்துவைத்த அச்சுப்பிரதியை வெளியே இழுத்தாள். உயிர் வந்தது, உடனே போயும்விட்டது. ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. பச்சையும் மஞ்சளும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"என்னோட இதழ் பச்சைதானக்கா?"

"பச்சைதான் கண்ணு. நானே வாங்குனது."

பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்த வரியில் அழுத்தித் தீட்டினாள். அடுத்த வரிக்குப் போனாள். இது பச்சையா, மஞ்சளா? சத்தியமாக நினைவில்லை. கை அப்படியே நின்றது.

அனுப்ரியா தாளை வாங்கிப் பார்த்தாள். "இதக் காட்டுனா திறந்து விடுவாங்களாக்கா?"

மகேஸ்வரி பேனாவை மூடினாள்.

"ஈரங்கூட இன்னும் காயல கண்ணு. யாரு நம்புவாங்க?"