கறுப்பேற்றிய வானம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேமராப் பைத்தியம் பிடித்தது நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான். பிடித்ததுதான் பிடித்தது, கல்யாண வீடு, பூங்கா என்று ஏதாவது எடுத்துப் பழகியிருக்கலாம். மனுஷன் மேகத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மோட்டார் அறை மொட்டைமாடியில் இருந்தது, சாவி இவர் இடுப்பில் இருந்தது, வேறென்ன வேண்டும்? வீட்டுக்காரி 'மேகராசா' என்று பட்டம் கட்டிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே பெயர்தான், சண்டை போட்டாலும் அதே பெயர்தான்.

மேலே நின்று பார்க்கும்போது மிரட்டுகிற மேகம், கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் பழைய போர்வை மாதிரி சாம்பலாகக் கிடக்கும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்து எடிட்டிங் படித்தார். திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை இடப்பக்கம் இழுத்தால் வானம் இருண்டது. கான்ட்ராஸ்டை வலப்பக்கம் தள்ளினால் மேகம் திரண்டு முன்னால் வந்தது. கத்துக்குட்டிக்கு அளவு ஏது? இழுத்த இழுப்பில் எல்லா வானமும் பிரளய வானமாகிவிடும். அப்புறம் அதையே பழைய படத்தின் மேல் சேமித்துவிட்டு, கேமராவில் இருப்பதைத் துடைத்துவிடுவார். நல்லதாக ஒன்று கையில் இருக்கும்போது சப்பைப் படம் எதற்கு என்பது அவர் கணக்கு.

அன்று சாயங்காலமும் அப்படித்தான். தூரத்தில் மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. நாலைந்து படம் எடுத்தார், தூறல் விழுமுன் வீட்டுக்கு ஓடினார், கோடுகளை ஆசை தீர இழுத்தார், குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. உள்ளே பாராட்டு கொட்டியது. வயிற்றைக் கலக்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

மழை நின்ற பிறகுதான் எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடி பஸ் டிரைவரை மொட்டைமாடியில் கண்டெடுத்தார்கள். துணி எடுக்கப் போனவர். மழை விழுமுன்னே இடி விழுந்திருந்தது. காய்ந்த துணிகள் அவர் மேல் நனைந்து கிடந்தன.

பாராட்டுகளுக்குக் கீழேயே அடுத்த பேச்சு தொடங்கியது. இப்படி இருட்டிக்கொண்டு வரும்போது யாராவது மாடி ஏறுவார்களா என்று ஒருவர் கேட்டார். பெண்டாட்டிதான் அனுப்பினாளாம் என்று இன்னொருவர் எழுதினார். மெக்கானிக் பதறிப்போய்க் குழுவிலிருந்து படத்தை அழித்தார். என்ன பயன்? அதற்குள் அது எல்லார் போனிலும் குடியேறிவிட்டது. டிரைவரின் அம்மா துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, இந்த வானத்தில்தான் என் பிள்ளையை அனுப்பினாள் என்று அழுதாள்.

அன்றிலிருந்து மேகம் அவரை விடவில்லை. லிஃப்ட் கதவின் பளபளப்பில் தெரிந்தது. கண்ணை மூடினால் இமைக்குள்ளே வந்து நின்றது. கேமராவைப் பரண் மேல் தூக்கிப் போட்டார், அப்போதும் போகவில்லை. வானம் லேசாக மூடினால் போதும், எதிரே மூன்றாம் மாடி ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

ஒரு நாள் வீட்டுக்காரி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"அந்த டிரைவர் பொண்டாட்டி, தானே கொன்னுட்டதா நம்பிக்கிட்டிருக்கா. சோறு தண்ணி இறங்கல. வானம் அப்படி இல்லன்னு உங்களுக்குத்தானே தெரியும்? போய்ச் சொல்லுங்க."

சொல்ல வேண்டியதுதான். ஆனால் காட்ட என்ன இருக்கிறது? உண்மையான வானத்தை அவரே துடைத்துப் போட்டிருந்தார். இருப்பது கறுத்ததுதான். அன்று முழுக்க உட்கார்ந்து கோடுகளைத் திரும்ப இழுத்தார். கொஞ்சம் இழுத்தால் அப்போதும் கறுப்பாகவே இருந்தது, கூட இழுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. கடைசியில், இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றிய ஓரிடத்தில் நிறுத்தி, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டிரைவரின் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே கூடத்திலேயே கயிறு கட்டி ஈரத் துணி தொங்கியது. குனிந்துதான் போக வேண்டியிருந்தது. உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"வானம் அவ்வளவு கறுப்பா இல்லம்மா. நான்தான் கறுப்பாக்கினேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"ஏண்ணா?"

"நல்லா இருக்கும்னு."

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. அவர் லேப்டாப்பைத் திறந்து வெளுத்த படத்தைக் காட்டியதும், திரைக்கு மிகக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு வெளிச்சமாகவா இருந்தது என்று கேட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவே இல்லையாம், துணியை எடுக்கச் சொல்லி உள்ளிருந்தே குரல் கொடுத்தாளாம். சொல்லச் சொல்ல அவள் முகம் இளகியது. பாவம், இத்தனை நாளில் இப்போதுதான் மூச்சு விடுகிறாள் என்று மெக்கானிக் நினைத்தார். அவர் கண்ணும் கலங்கியது.

பிறகு அவள் கேட்டாள்.

"இது அன்னிக்கு எடுத்ததுதானே? இப்போ எனக்காகப் பண்ணிட்டு வரலையே?"

ஆமாம், அன்று எடுத்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை. பழையது அழிந்துவிட்டது, இதை நான்தான் வெளுப்பாக்கினேன் என்று உண்மையைச் சொன்னார். ஆனால் வானம் அப்படிக் கறுக்கவில்லை, சத்தியம் என்றார்.

அவள் தலையாட்டினாள். எந்தக் கோடு என்று கேட்டு, தானே விரலை வைத்து மெல்ல இடப்பக்கம் இழுத்தாள். வானம் கறுத்தது. வலப்பக்கம் தள்ளினாள், வெளுத்தது. மறுபடி கறுத்தது, மறுபடி வெளுத்தது.

"நீங்கதானே மேல நின்னு பாத்தீங்க. எங்க நிறுத்தட்டும், சொல்லுங்கண்ணா."

மெக்கானிக் கண்ணை மூடிப் பார்த்தார். மேகம் சப்பென்று இருக்கிறதே என்று அன்று மாடியில் நின்று அலுத்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் இமைக்குள் வந்து நின்றது அந்தக் கறுப்பு வானம் ஒன்றுதான்.

அவள் கோட்டின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.