இடப்பக்கம் பார்த்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுற்றுலாப் பேருந்தில் கிடைத்தது. முழுக் கதை இல்லை, கால்வாசி. தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுவதாகச் சொல்லி ஆள் ஏற்றுகிற வண்டி அது. "வலப்பக்கம் பாருங்க, நாடாளுமன்றம்" என்றார் வழிகாட்டி. வண்டி மொத்தமும் வலப்பக்கம் திரும்பிக் கைப்பேசியைத் தூக்கியது. எனக்கு முன் இருக்கையில் இருந்த கணவனும் மனைவியும் மட்டும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடப்பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு பேருந்து நிறுத்தம், அதில் வேலைக்குப் போகிற ஜனங்கள். வண்டி நகர்ந்தது. இடப்பக்கம் அருங்காட்சியகம் வந்தது. நாங்கள் இடப்பக்கம் சாய்ந்தோம். அந்த இருவரும் வலப்பக்கம் திரும்பி நடைபாதையைப் பார்த்தார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, காட்டுகிற எதையும் பார்க்க மாட்டேன் என்கிறார்களே, இது என்ன வீம்பு என்று முதலில் நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மனிதர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். வண்டி நின்றது. இருவரும் இறங்கி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார்கள். சாயங்காலம் தலை எண்ணும்போது அவர்கள் இல்லை. "அவங்க வரலையாம், போன்ல சொல்லிட்டாங்க" என்றார் வழிகாட்டி. கண்ணால் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு.

2

தொடக்கங்கள்:

"தலைநகரம் அவளுக்கு அந்நியமாக இருந்தது." அடித்துவிட்டேன். தலைநகரம் யாருக்குத்தான் சொந்தம்?

"அகன்ற சாலைகளும் வெள்ளைத் தூண்களும் கொண்ட அந்த மாநகரில், ஒரு மெல்லிய காலை வெயிலில் —" இது வழிகாட்டி எழுத வேண்டியது. அவர் பிழைப்பில் நான் கை வைக்கக் கூடாது.

"தையல்காரம்மாவுக்குக் கட்டடங்கள் மேல் எந்தப் பகையும் இல்லை." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

[ஏன் தையல்காரம்மா? முன் இருக்கைக்காரி இருக்கை உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கலைத் தொழில் தெரியாதவர்களால் செய்ய முடியாது.]

3

தையல்காரம்மாவுக்குக் கட்டடங்கள் மேல் எந்தப் பகையும் இல்லை. பெரிய கட்டடம் எங்கேயும் போய்விடாது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஜனங்கள் அப்படி இல்லை. ஒரு நிமிஷம் கண் அசந்தால் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய மகளாக இருக்கலாம்.

(இவரை "அவர்" என்று எழுதுவதா, "அவள்" என்று எழுதுவதா என்று ரொம்ப யோசித்தேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நேரில் பார்த்தால் "வாங்கம்மா" என்றுதான் சொல்வேன். ஆனால் ஒருவர் மனசுக்குள் புகுந்து பார்த்துக்கொண்டே "அவர்" என்று எழுதினால், வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா.)

மகள் இந்த நகரத்துக்குப் படிக்க வந்தவள். வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, அன்றைக்கே அம்மாவுக்குப் படம் அனுப்பிவிட்டு போன் போட்டாள். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மாப்பிள்ளை பக்கம் அவள் கண் போகவே இல்லை.

"யாருடி தெச்சது இத?"

"ரெடிமேட்மா. அவசரத்துல வாங்கினது."

"தோள்ல நிக்கவே இல்லயே. கழுத்து இழுத்துட்டு நிக்குது."

"அம்மா, கல்யாணத்தப் பத்தி ஏதாவது கேளேன்."

"அதான் ஆயிடுச்சுல்ல, அதுல கேக்க என்ன இருக்கு. ஊருக்கெல்லாம் கல்யாணத் துணி நான் தெச்சுக் குடுக்கறேன். எம்பொண்ணு கடையில தொங்கினத மாட்டிட்டு நிக்கறா. நானா கூப்பிடற வரைக்கும் நீ எனக்குக் கூப்பிடாத."

மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். மறுநாள் மிஷினில் உட்கார்ந்தபோதே அது இறங்கிவிட்டது. ஆனால் போன் வரவில்லை. பிறந்ததிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்காத பெண், இந்த ஒரு பேச்சை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டாள். மகள் மீறிக் கூப்பிடுவாள் என்று அம்மா காத்திருந்தாள். அம்மா சொன்னபடி கூப்பிடுவாள் என்று மகள் காத்திருந்தாள். நாள் போகப் போக, கூப்பிடுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அவளுக்கு மகளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒரு ஆசையும் கிடையாது. யாராவது ஒரு பெண் அளவு கொடுக்க வந்து முதுகைக் காட்டி நின்றால் போதும், நாடாவைத் தோளில் வைத்தபடி சும்மா நின்றுவிடுவாள். "அம்மா, எடுத்தாச்சா?" என்று அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள். அப்படி ஒரு நாள்தான் கணவனிடம் சொன்னாள், தலைநகரம் ரொம்ப நன்றாக இருக்குமாமே, ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்று. தெருவில் தற்செயலாக எதிரே பார்த்துவிட்டால், கூப்பிட்டதாகவும் ஆகாது, இறங்கிப் போனதாகவும் ஆகாது என்பது அவள் கணக்கு.

4

கணவர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. முதலில் அவரைப் பள்ளிக்கூட வாத்தியாராக எழுதிப் பார்த்தேன். வண்டியைத் தட்டி நிறுத்திய அந்தக் கை வாத்தியார் கை இல்லை. பேருந்துக் கண்டக்டராக்கினேன், உடனே உயிர் வந்துவிட்டது. பிறத்தியார் ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்து வருவது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்துவிடுவார், "ஒக்காருங்க" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

நீங்கள் கேட்க நினைப்பதை நானும் அவரிடம் கேட்டேன். எழுதுகிற ஆளுக்கு இந்த வசதி உண்டு.

"அவங்கதான் வீம்பு புடிக்கறாங்க. நீங்களாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேங்க, ஒரே ஒரு தடவ. 'அம்மா பக்கத்துல இருக்காங்களா'ன்னா. இல்லம்மான்னேன். 'அவங்க கூப்பிடட்டும்பா'ன்னு வெச்சுட்டா. நான் பேசினா அது இவ பேசினதா ஆயிடுமா? ரெண்டும் ஒரே துணியில வெட்டினது."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா, எனக்குத் தெரியாம எதுக்குப் பேசினீங்கன்னு அதுக்கு ஒரு சண்ட. நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அச்சில் வந்துவிட்டதே என்றால், அவள் கதை படிக்கிற ஆள் இல்லை என்பதுதான் ஒரே தைரியம்.

5

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். "வலப்பக்கம், விடுதலைச் சதுக்கம்" என்று வழிகாட்டி கடமைக்குச் சொன்னார். தையல்காரம்மா இடப்பக்கக் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று கூட்டத்தில் போனது. வலது கையில் கோடு நெட்டுக்கு ஓடியது, இடது கையில் குறுக்கே ஓடியது.

அந்தச் சட்டையை உலகத்தில் ஒருத்திதான் தைத்திருக்க முடியும். மகள் ஆசைப்பட்டு வாங்கி வந்த துணி. அளந்து வாங்கத் தெரியவில்லை, அரை கை குறைந்துவிட்டது. அம்மா மிச்சத் துண்டைத் திருப்பிப் போட்டு, குறுக்கு வாட்டில் ஒரு கையை வெட்டினாள். வேறு யாருக்காவது இப்படித் தைத்திருந்தால் கடையை மூடிவிட்டுப் போகலாம். மகளோ போட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் புது ஃபேஷன் என்று அதையே தேயத் தேயப் போட்டாள்.

"ஏங்க. சட்ட."

அவர் எந்தச் சட்டை என்று கேட்கவில்லை. கையை வெளியே விட்டு ஒரு தட்டுத் தட்டினார். தன் புத்திக்கு எட்டும் முன்னால் ஓட்டுநரின் கால் பிரேக்கில் இருந்தது.

"சார், இங்க நிறுத்தமில்ல."

"நாங்க எறங்கிட்டோம், நீங்க போங்க" என்று சொல்லி, கீழே நின்று இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

6

இந்த இடத்தில்* பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நாள் சும்மா இருந்தேன். இத்தனை பெரிய நகரத்தில் அந்தச் சட்டை அவள் கண்ணில் படுமா, காதில் பூ சுற்றாதே என்பீர்கள். நியாயம்தான். அதனால் வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

அ) சட்டைக்காரி சுரங்கப்பாதை ரயில் நிலையத்துக்குள் இறங்கிவிடுகிறாள். அவர்கள் படி இறங்குவதற்குள் கதவு சாத்திக்கொள்கிறது. ரயில் —

ஆ) சட்டை நடைபாதையில், பழைய துணி விற்கிறவரின் கம்பியில் தொங்குகிறது. யார் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. தையல்காரம்மா அதை வாங்கி மடித்து —

என் இலக்கிய நண்பர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எழுதவும் சுலபம். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த ஊரில் தேடிப் பார்க்க எனக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் நான் வழிகாட்டி கை நீட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து படங்களைத் தள்ளிப் பார்த்தபோது எல்லாக் கட்டடமும் நன்றாக விழுந்திருந்தது. முன் இருக்கைக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களாவது யாரையாவது கண்டுபிடிக்கட்டும்.

*ஒன்றைத் திருத்த வேண்டும். சட்டை கண்ணில் படுகிறது. ஆனால் அதைப் போட்டிருந்தது மகள் இல்லை.

7

பத்தடி தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோள் அகலம். மகளுக்கு இவ்வளவு அகலம் கிடையாது. அப்படியும் கால் நிற்கவில்லை, போய்த் தொட்டுவிட்டாள். அந்தப் பெண் திரும்பினாள்.

"என்ன ஆன்ட்டி?"

தையல்காரம்மா கேட்காமல் கொள்ளாமல் சட்டையின் பக்கத் தையலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் எப்போதும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாள், பிறகு பிரித்துவிட வசதியாக. அது அத்தனையும் பிரித்து விடப்பட்டிருந்தது. பழைய தையல் போன இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. புதுத் தையல் கைத்தையல், கோணல்மாணலாக, ஊசி பிடிக்கத் தெரியாதவள் போட்டது.

"இத யாரும்மா பிரிச்சது?"

"என்கூட வேல பாக்கறவ. அவளே பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுட்டிருந்தா. அப்பறம் அதுவும் பத்தல. கொழந்த பொறந்ததும் திருப்பிக் குடுத்துடணும்னு சொல்லித்தான் எனக்குக் குடுத்தா." சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டையை விடாமல் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "ஆன்ட்டி, இத தெச்ச அம்மா நீங்களா?"

கண்டக்டர் அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றே வேலை பார்த்த மனிதர்.

"எத்தன மாசம்?" என்றாள் தையல்காரம்மா.

"ஏழு முடியப் போவுது."

"ஒடம்பு?"

"காலு கொஞ்சம் வீங்குது. மத்தபடி நல்லாத்தான் இருக்கா. பிடிவாதம்தான் ஜாஸ்தி. கம்பெனியில ஓசியில புது நம்பர் தராங்க, மாத்திக்கடின்னா மாட்டேங்கறா. இந்த நம்பருக்குத்தான் ஒரு போன் வரணுமாம்."

தையல்காரம்மா இப்போதுதான் சட்டையை விட்டாள். அழுகிற ஆள் இல்லை என்று அவளைப் பற்றி முந்தைய பிரதியில் எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

"இருங்க ஆன்ட்டி, நானே போட்டுத் தரேன்" என்று அந்தப் பெண் கைப்பேசியை எடுத்தாள்.

"வேணாம்மா. அது நீ கூப்பிட்டதா ஆயிடும்."

8

அவள் தன் போனை எடுத்து எண்ணைத் தொட்டுவிட்டாள்.

என்ன பேசப் போகிறாள் என்று எழுதத்தான் வேண்டும். "எப்படி இருக்க?" ஊகூம், அந்தக் கேள்வியை அவள் ஜென்மத்தில் யாரிடமும் கேட்டதில்லை. "உங்கப்பா பேசணுங்கறாரு." அவள் செய்யக்கூடியவள்தான், ஆனால் இன்றைக்கு விடமாட்டேன். "தையல இப்படியா போடுவ" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் போக முடியாமல் —

இல்லை. இதை நான் எழுதப் போவதில்லை. அம்மாவையாவது பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். மகளை நான் பார்த்ததே இல்லை. அவள் முகம் எனக்குத் தெரியாது, அவள் குரல் தெரியாது. எந்த மேஜையில், எந்த வேலைக்கு நடுவில் அவளுடைய போன் அதிர்கிறது என்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களாகக் கூப்பிடட்டும் என்று நீங்களும் யாரையாவது வருஷக்கணக்காக விட்டுவைத்திருக்கலாம். அப்படியானால் அந்த அறைக்குள் போகிற உரிமை என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

திரையில் "அம்மா" என்று வருகிறது. கடைத்தெருவில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். மணி போய்க்கொண்டே இருக்கிறது.

எடுங்கள்.